ரப்பர் மேட்டில் நின்ற கப்பல்

என் பழைய ஓட்டலில் இப்போது வேலை பார்க்கிற பிள்ளைகள் போன மாதம் என்னைக் கிள்ளான் துறைமுகத்தில் ஓர் உல்லாசக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். கப்பல் வேலையில் தொடங்கிய கிழவனை மறுபடியும் கப்பலில் ஏற்றிப் பார்க்க அவர்களுக்கு ஆசை. ஏறினால் அது கப்பலாகவா இருக்கிறது? செரம்பான் டவுனைப் பெயர்த்துத் தண்ணீரில் வைத்தது மாதிரி இருந்தது. சின்னக் கொடி பிடித்த ஒரு பெண் எங்களைக் கூட்டிக்கொண்டு போய் வசதிகளை ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஒரு நீச்சல் குளம். மாடி ஏறினால் இன்னொரு நீச்சல் குளம். சுற்றிலும் கடலை வைத்துக்கொண்டு இத்தனை குளம் எதற்கம்மா என்று கேட்டேன், சிரித்தாள். ஓடுவதற்கென்று ஒரு பாதை போட்டிருக்கிறார்கள். அதில் ஓடுகிறவர்கள் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்து, பெரிய காரியம் முடித்தவர்களைப் போல வேர்வையைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

எனக்குப் பொறுக்காதது வேறு. அந்தப் பெண் விருந்தாளிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். கதவைத் திறக்கும் முன்பே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். வழியில் சமையலறைப் பக்கம் ஒரு கதவு திறந்து கிடந்தது, அதையும் கவனிக்கவில்லை. நான் முணுமுணுத்ததைக் கேட்ட பிள்ளைகள், பேசாமல் வாருங்கள் பாய், வீட்டுக்குப் போய் எழுதிக் கொடுங்கள், படித்துக்கொள்கிறோம் என்றார்கள். அதனால் எழுதுகிறேன். வாழ்நாளில் ஒரே ஒரு முறை நானே ஒரு கப்பலை ஏற்பாடு செய்து, ஆள் வைத்து, சுற்றியும் காட்டியிருக்கிறேன். அது நின்ற இடம் லாபுவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து மேடு. அங்கிருந்து கடல் கண்ணுக்குக்கூடத் தெரியாது.

என் ஊர் நாகூர். வாப்பா என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பினார், நான் கப்பலுக்குப் போய்விட்டேன். நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் போய்வருகிற பயணிகள் கப்பலில் மேல்தளத்துப் பரிமாறும் ஆளாகச் சேர்ந்தேன். அங்கே தலைமைப் பரிசாரகர் ஒரு கோவாக்காரர். முதல் வகுப்புப் பயணிகள் ஏறியதும் கப்பலைச் சுற்றிக் காட்டுவது அவர் வேலை. அதை எங்களுக்கு அடித்துச் சொல்லிக் கொடுத்தார், நிஜமாகவே அடித்துத்தான். பக்கவாட்டில் நட. முதலில் தண்ணீரைக் காட்டு, மனம் குளிரும். ஒவ்வோர் அறையிலும் விருந்தாளி எதையாவது ஒன்றைக் கையால் தொட வேண்டும், தொட்டால் தனதென்று நினைப்பான். கேள்வி வரும் முன்னே அடுத்த கதவைத் திற. கடைசியில் கால் வலிக்கிற நேரத்தில் தேநீர் கொடு. கீழ்த்தளத்தில் ஆட்டோடும் மூட்டையோடும் படுத்துக்கொண்டு தோட்டத்துக்கு வருகிற நம் சனங்கள் இருந்தார்கள். அவர்களைக் காட்டக் கூடாது. அவரைப் பொறுத்தவரை கீழே இருப்பது கப்பலே இல்லை.

என் அக்காவை, லாத்தா என்றுதான் கூப்பிடுவேன், லாபுவில் ஒரு தோட்டத்துக் கடைக்காரருக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. கப்பல் துறைமுகத்தில் நின்ற ஒரு சமயம், லாத்தாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று லீவு கேட்டுப் போனேன். போன இடத்தில் சண்டை வந்தது. கப்பல் என்னை விட்டுவிட்டு ஓடிவிட்டது. துரைமார்கள் காரில் தெற்கே ஓடினார்கள், ஜப்பான்காரன் சைக்கிளில் வந்து சேர்ந்தான். என்னிடம் மிச்சமிருந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் அதில் கஞ்சி போட்ட ஒரு வெள்ளைக் கோட்டும்தான்.

மச்சான் கடையில் அலமாரி இருந்தது, சாமான் இல்லை. அரிசி வரத்து நின்றுபோய் தோட்டமே மரவள்ளிக்கிழங்கில் உயிர் வாழ்ந்தது. ரப்பர் வாங்க ஆளில்லாததால் பால் மரம் வெட்டுகிறவர்கள் சும்மா இருந்தார்கள். சும்மா இருப்பது அந்தக் காலத்தில் பெரிய ஆபத்து. சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், ஆள் வேண்டும் என்று லோரி வர ஆரம்பித்திருந்தது. ரெம்பாவ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. போனவன் பெண்சாதி ரோட்டுக்கு வந்து வந்து பார்த்துவிட்டுப் போவாள், அவ்வளவுதான். சாமான் இல்லாத கடைக்காரரும் சும்மா இருக்கிற ஆள்தான் என்று யாரோ மச்சானிடம் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் சாப்பிடும்போதும் வாசலைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். லாத்தாவுக்கு அப்போது வயிற்றில் ஏழு மாதம்.

"தம்பி, ஒன் மச்சான லோரில ஏத்திட்டா நானும் இந்தப் புள்ளையும் மவுத்துதான். கப்பல்ல என்னென்னமோ கத்துக்கிட்டேன்னு பெரும பேசுவியே, அதுல ஒண்ணாவது இதுக்கு ஒதவுமா?" என்று லாத்தா கேட்டது.

இந்த இடத்தில் தோட்டத்து ஆபீஸ் கணக்கெல்லாம் பார்க்கிற பெரிய கிராணி அருளம்பலத்தாரைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரர். துரை ஓடிய பிறகு தோட்டத்துக்கு அவர்தான் எல்லாம். துரை விட்டுப்போன தக்கைத் தொப்பி அவருக்குப் பெரிது. உள்ளே பழைய பேப்பரை மடித்து வைத்து அதைத் தலையில் நிறுத்தியிருந்தார். வேகமாகத் திரும்பினால் தலை திரும்பும், தொப்பி அங்கேயே நிற்கும். அதனால் மனிதர் எதற்கும் வேகமாகத் திரும்ப மாட்டார், அதைக் கம்பீரம் என்று சனங்கள் நினைத்தார்கள்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஒரு யோசனை சொன்னால் முதலில் "அது சரிவராது, ஐசே" என்பார், எல்லாரையும் ஐசே என்றுதான் கூப்பிடுவார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். துடைக்க ஆரம்பித்துவிட்டால் யோசனை பிடித்துவிட்டது என்று அர்த்தம். மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கிற பிரட்டில் ஆள்களை நிறுத்தி வைத்து, "நான் ஒரு திட்டம் போட்டிருக்கிறன்" என்று அதே யோசனையைச் சொல்வார். யோசனை சொன்னவன் எதிரிலேயே நிற்பான். அவனைப் பார்த்து, "உமக்கு விளங்கினதோ?" என்று வேறு கேட்பார். தோட்டத்தில் மழை பெய்தாலும் அது அவர் ஏற்பாடு, நின்றாலும் அவர் ஏற்பாடு. அவர் மனைவி கிராணியம்மாவே இதை நம்புவதில்லை என்று ஊருக்குத் தெரியும்.

ஒரு நாள் அவர் முகம் செத்துப்போய்க் கடைக்கு வந்தார். செரம்பானிலிருந்து ராணுவ அதிகாரி ஒருவர் வரப்போகிறாராம். மேட்டில் துரைமார் கிளப் ஒன்று பூட்டிக் கிடந்தது. அதை அதிகாரிகள் ஓய்வெடுக்கும் விடுதியாக வைத்துக்கொள்ள முடியுமா என்று பார்ப்பாராம். விடுதிக்குத் தேவையான ஆள்களுக்குக் கையில் கட்டுகிற பட்டி கிடைக்கும், பட்டி கட்டியவனை லோரிக்காரன் தொட மாட்டான். மீதி ஆள் எல்லாம் சயாமுக்கு. கிளப்புக்கு ஒரு சமையல்காரனும் ஒரு கூட்டுகிறவனும் போதுமே, இரண்டு பேரைத்தானே காப்பாற்றலாம் என்று கிராணி தலையில் கை வைத்தார். தொப்பி ஆடியது.

எனக்குச் சட்டென்று கோவாக்காரர் ஞாபகம் வந்தது. எங்கள் கப்பலில் புகை பிடிக்கும் அறை என்று ஒன்று, அதற்கு ஓர் ஆள். எழுதும் அறை என்று ஒன்று, அதற்கு ஓர் ஆள். மேல்தளத்தில் நாற்காலி விரிக்கிறவன், மடிக்கிறவன், போர்வை கொடுக்கிறவன் என்று தனித்தனி ஆள். வேலை என்னவோ ஒருத்தன் செய்கிற வேலைதான். இடம் எத்தனை என்று காட்டுகிறோமோ அத்தனை ஆள் தேவை. கிளப்பைக் கப்பலாக்கிவிடலாம் ஐயா என்றேன்.

"அது சரிவராது, ஐசே" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுநாள் பிரட்டில் கப்பல் அவருடையதாகிவிட்டது.

கிளப்பைத் திறந்து பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை. மது அறைப் பாட்டில்களைத் துரைமார் ஓடும்போதே உடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பில்லியர்ட் மேசையின் பச்சைத் துணியைத் துணிப் பஞ்சத்தில் யாரோ உரித்துக்கொண்டு போய்விட்டார்கள். தோட்டத்து ஆள்கள் குடியிருக்கிற லயத்தில் இரண்டு பேர் பச்சைக் கால்சட்டை போட்டிருந்தது அப்போதுதான் புரிந்தது. பியானோவின் கம்பிகள் காட்டுப்பன்றிக்கு வைத்த கண்ணியாகிவிட்டன. டென்னிஸ் திடலில் மரவள்ளி இடுப்பளவு வளர்ந்திருந்தது. நீச்சல் குளத்தில் நம் ஆள்கள் கெளுத்தி மீன் விட்டிருந்தார்கள்.

இதையெல்லாம் வைத்துத்தான் கப்பல். குளத்தைத் தேய்க்கச் சிலர், ஆற்றிலிருந்து தண்ணீர் சுமக்கச் சிலர், துண்டு நீட்ட ஒருத்தர். துணி போன மேசை உடம்பு பிடித்துவிடும் மேசையாயிற்று. தோட்டத்தில் சுளுக்கு வழிக்கிற முனியன் அதற்குத் தலைவர். மேட்டைச் சுற்றி ஒரு பாதை வெட்டி, ஓரமாகக் கயிறு கட்டி, உலாத்தும் தளம் என்று பெயர் வைத்தோம். கயிறு தளர்ந்தால் இறுக்க ஆள், இறுகினால் தளர்த்த ஆள். வாசிப்பறையில் புத்தகமே கிடையாது, இங்கிலீஷ் புத்தகம் எல்லாம் அப்போது ஆகாது. புத்தகம் இல்லாத வாசிப்பறைக்கு இரண்டு பேரை நிறுத்தினேன். கம்பியில்லாத பியானோ பக்கத்தில் நம் தப்புக்காரர்களை நிறுத்தி வாத்திய மண்டபம் ஆக்கினோம். மச்சான் தேநீர் அறைக்குப் பொறுப்பு. தேயிலை கிடையாது, வறுத்த சோளத்தைப் பொடித்து ஒரு கறுப்புத் தண்ணீர் வைப்பார்.

ஒத்திகை பார்த்தோம். அதிகாரியாகக் கிராணியே நடித்தார், வேறு யாரையும் விடவில்லை. பிரம்பை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு குளத்தைப் பார்த்து, "ம்" என்றார். மேசையைத் தொட்டு, "ம்" என்றார். முனியன் நிஜமாகவே அவரைப் படுக்க வைத்து இடுப்பைப் பிடித்துவிட்டான். எழுந்தவர், இந்த மேசை தனக்கு வெகுநாளாக மனதில் இருந்த திட்டம் என்றார். மச்சானுக்குத்தான் ஒத்திகையில் ஒன்றும் ஏறவில்லை. தட்டைத் தூக்கினால் கை நடுங்கும், கோப்பை எல்லாம் சலசலக்கும். "மச்சான், லோரிய நெனைக்காதீங்க, கோப்பைய மட்டும் நெனைங்க" என்றேன். கோப்பையைப் பார்த்தாலே லோரிதான் தெரிகிறது என்றார் மனுஷன்.

அதிகாரி வந்தார். கூடவே மொழி சொல்ல ஒரு மலாய் வாத்தியார், எல்லாரும் சிக்கு என்று கூப்பிடுவார்கள். குனிந்து வணக்கம் சொன்னோம். கிராணி குனிந்தபோது தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். நான் வெள்ளைக் கோட்டில் பக்கவாட்டில் நடக்க ஆரம்பித்தேன். நான் கதவைத் திறப்பேன், கிராணி உள்ளே இருப்பதைக் காட்டி மலாயில், "இது என் ஏற்பாடு" என்பார், சிக்கு அதை ஜப்பான் பாஷையில் சொல்வார். இப்படியே ஒவ்வோர் அறையிலும் நடந்தது.

குளத்தில் கெளுத்தி ஒன்று துள்ளியது. என் உயிர் போய் வந்தது. அதிகாரி குனிந்து தண்ணீரில் கை விட்டார், மீன் விரலைத் தொட்டது போலிருக்கிறது, முகம் கொஞ்சம் இளகியது. உடனே அடுத்த கதவைத் திறந்தேன். வாசிப்பறை. வெற்று அலமாரிகளை வெகு நேரம் பார்த்தார். பகைவனுடைய புத்தகம் ஒன்றுகூட இல்லை என்று மெச்சினாராம். பிறகு அங்கே நின்ற ஆளிடம், உன் வேலை என்ன என்று சிக்கு மூலம் கேட்டார். அவன் பால் வெட்டுகிறவன், வாழ்நாளில் எழுத்துப் பக்கம் போனதில்லை.

"யாரும் சத்தம் போடாம பாத்துக்கறேங்க" என்றான்.

உனக்கு எதிரே நிற்பவன் வேலை என்ன என்றார். இவன் சத்தம் போடாமல் அவன் பார்த்துக்கொள்கிறான் என்றேன் நான். ராணுவத்தில் அப்படித்தானே இருக்கும், அதிகாரிக்கு அது மிகவும் சரியாகப் பட்டது.

உலாத்தும் தளத்தில்தான் கண்டம். கயிற்றைப் பிடித்துக்கொண்டே போனவர், கீழே கூரைகள் தெரிகிறதே, அது என்ன என்று நின்றார். லயம். அங்கே பட்டிக்குப் பெயர் கொடுக்க முடியாத நோயாளிகளும் பெண்டு பிள்ளைகளும் மூச்சுவிடாமல் இருந்தார்கள். அவர் கால் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. நான் கையைத் தூக்கினேன். தப்புக்காரர்கள் அடித்தார்கள் பாருங்கள் ஓர் அடி, மேடே அதிர்ந்தது. சாவு வீட்டு அடிதான் அவர்களுக்கு நன்றாக வரும், அதையே அடித்தார்கள். அதிகாரி திரும்பி வந்து, கடைசி வரை விறைப்பாக நின்று கேட்டார். கிராணி அதையும் தன் ஏற்பாடு என்றார்.

முனியன் மேசையில் அதிகாரி அரை மணி படுத்தார். எழுந்தபோது ஆளே வேறு. தேநீர் அறையில் மச்சான் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். கை நடுங்கவில்லை. எப்படி மச்சான் என்று அப்புறம் கேட்டதற்கு, பயம் ஓர் அளவுக்கு மேல் போனதும் கை மரத்துவிட்டது என்றார். சோளத் தண்ணீரை அதிகாரி குடித்து முடித்து, தான் கொண்டுவந்த ஒரு மூட்டையிலிருந்து கைப்பட்டிகளை எடுத்து வைக்கச் சொன்னார். நின்ற அத்தனை பேருக்கும் பட்டி. மச்சான் கையில் கட்டியபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது, கோட்டுக் கையால் துடைத்துக்கொண்டேன்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். அதிகாரி சிக்குவிடம் ஏதோ சொன்னார். சிக்கு உடனே மொழிபெயர்க்கவில்லை. என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். சயாமில் ரயில் பாதைப் பக்கம் இருக்கிற அதிகாரிகளுக்கு உட்கார ஒரு நல்ல இடம் இல்லையாம். இதையெல்லாம் உண்டாக்கிய ஆள் யாரோ, அவனைக் கூடவே கூட்டிக்கொண்டு போகப்போகிறாராம். யார் அந்த ஆள் என்று கேட்கிறார் என்றார்.

கோட்டு போட்டவன் நான், கதவு திறந்தவன் நான், கையைத் தூக்கித் தப்பை அடிக்க வைத்தவன் நான். அதிகாரியின் கண்ணும் என் மேல்தான் இருந்தது. கிராணி ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும். அவர் கண்ணாடியைக் கழற்றினார், வேட்டி நுனியில் துடைத்தார், நிதானமாகப் போட்டுக்கொண்டார்.

"நான்" என்றார் மலாயில். "எல்லாம் நான்தான் செய்தேன். இவன் கோப்பை கழுவுகிறவன், இவனுக்கு ஒன்றும் தெரியாது."

அன்று காலையிலிருந்து அவர் சொல்லிக்கொண்டிருந்ததும் இதைத்தான். அதிகாரிக்குச் சந்தேகம் வரவே இல்லை.

மறுநாள் லோரி வந்தது. கிராணி கறுப்புக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, மூட்டையில்லாமல் ஒரு குடையோடு நின்றார். கிராணியம்மா வீட்டு வாசலில் நின்றார், அழவில்லை, இந்த மனிதர் என்ன செய்துவிட்டார் என்று அவருக்குப் புரியவே இல்லை. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். ஏன் ஐயா அப்படிச் சொன்னீர்கள், என்னைக் காட்டியிருக்கலாமே என்றேன். அவருக்கு எரிச்சல்தான் வந்தது.

"என்ன ஐசே விசர்க் கதை? ஒவ்வொரு அறையிலயும் நான் செய்தது, நான் செய்தது எண்டு சொல்லிப்போட்டன். பிறகு எப்பிடி மாத்திக் கதைக்கிறது? ஒரு பெரிய கிராணிக்கு அது மரியாதையோ?"

இதைச் சொல்லிவிட்டு அவரே லோரியில் ஏறிக்கொண்டார். ஏறும்போது தொப்பி விழுந்தது. முனியன் எடுத்துத் துடைத்துக் கொடுத்தான்.

விடுதி ஜப்பான்காரன் போகும்வரை நடந்தது. பட்டி கட்டிய ஒருவரையும் லோரி தொடவில்லை. லாத்தாவுக்குப் பெண் பிறந்தது, மச்சான் அதைத் தோளில் போட்டுக்கொண்டே சோளத் தண்ணீர் காய்ச்சினார். சண்டை முடிந்து சயாமிலிருந்து சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். அவர்களில் கோலா பிலா பக்கத்து ஆள் ஒருவர், தொப்பி போட்ட ஒரு கிராணியை ஒரு முகாமில் பார்த்ததாகவும், அவர் அங்கே மூங்கிலில் ஒரு தேநீர் அறை கட்டிக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். காலரா வந்தபோது அந்த முகாமில் யாரும் மிஞ்சவில்லை என்றும் சொன்னார்.

நான் அதைச் சொல்லக் கிராணியம்மா வீட்டுக்குப் போனேன். அவர் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார். என்னை உட்காரச் சொன்னார்.

"காதர், ஒரு கதை கேக்கிறன், மறைக்காமச் சொல்லும். இரவு சாப்பிடேக்க அவர் ஒவ்வொரு நாளும் சொல்லுவார், அந்தக் குளம் நான் செய்தது, அந்த மேசை நான் செய்தது, இத்தனை சனத்தை நான் காப்பாத்தப்போறன் எண்டு. நான் ஒரு நாளும் நம்பேல்ல. முகத்துக்கு நேரேயே சிரிச்சுப்போட்டன். அவர்தானோ செய்தவர்?"

"அவர்தாம்மா" என்றேன். "குளம், மேசை, வாசிப்பறை, எல்லாம் அவர் செஞ்சது. எங்க மச்சான் உயிரோட இருக்கறதும் அவர் செஞ்சதுதான். நான் அங்க கோப்பை கழுவிக்கிட்டிருந்தேன்."

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அப்ப அந்த மனுசன் எனக்குப் பொய் சொல்லேல்ல" என்றார்.

"இல்லம்மா. அவர் பொய்யே சொன்னதில்ல" என்றேன்.